'செத்துப்போச்சு' என்பது ஒரு விடையா?



இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பரணையோ அலமாரியின் அடித்தட்டையோ ஒருமுறை துழாவிப் பாருங்கள். பழைய நோட்டுப் புத்தகங்களுக்கும் பொங்கலுக்கு மட்டும் இறக்கும் பானைகளுக்கும் நடுவே ஒரு மடிக்கணினி கிடக்கிறதா? உங்கள் அண்ணனோ அக்காவோ சித்தியோ பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது அரசு கொடுத்ததாக அது இருக்கலாம்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்த எட்டு ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குக் கணினி கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், கல்வராயன் மலையின் வெள்ளிமலை என்று எங்கள் பக்கத்து ஊர்களில் அதற்கு முன் கணினியைத் தொட்டே பார்த்திராத வீடுகளுக்குள் அது நுழைந்தது. என்னிடம் இயற்பியல் படித்த பலர் தங்கள் முதல் கட்டுரையை அதில்தான் தட்டச்சு செய்தார்கள்.

அந்தக் கணினிகள் இப்போது எங்கே? மாணவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "அது செத்துப்போச்சு சார்."

"எதனால் செத்தது?" என்று கேட்பேன். பதில் இருக்காது. மனிதர் ஒருவர் இறந்தால்கூட என்ன காரணம் என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கிறார். ஆயிரக்கணக்கான பாகங்கள் கொண்ட ஒரு கருவிக்கு, எந்தப் பாகம் பழுது என்று பார்க்காமலே நாம் இறுதிச் சடங்கு செய்துவிடுகிறோம்! 'செத்துப்போச்சு' என்பது அறிவியல் விடை ஆகாது. கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டோம் என்றுதான் அதற்குப் பொருள். இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. நானே அடிபட்டுக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. எங்கள் இறுதியாண்டு மாணவர்கள் மூன்று ஆண்டுகளாக எடுத்த அளவீடுகளும் ஆய்வறிக்கைகளும் ஒரு வெளி வன்தட்டில் இருந்தன. வன்தட்டு என்பது நாம் ஹார்ட் டிஸ்க் என்று சொல்லும் பொருள்தான். ஒரு நாள் அதைக் கணினியில் செருகியதும், 'இந்தத் தட்டைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்யவேண்டும்' என்று திரையில் ஒரு பெட்டி வந்தது. அவசரம். நான் சற்றும் யோசிக்காமல் 'சரி' என்பதை அழுத்தினேன். அரை நிமிடத்தில் தட்டு புத்தம் புதிதாகத் திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

அதோடு நிறுத்தினேனா? இல்லை. 'தட்டாவது பிழைத்ததே' என்று புதிய வீடியோக்களை அதில் ஏற்றினேன். அதுதான் இரண்டாவது தவறு. முதல் தவறைவிடப் பெரியது.

ஏன் என்று கேட்கிறீர்களா? ஒரு நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று எழுதிய அட்டவணை ஒன்று வாசலில் இருக்கும். சுழலும் வன்தட்டில் விரைவு ஃபார்மட் செய்யும்போது, அந்த அட்டவணைதான் கிழிக்கப்படுகிறது. புத்தகங்கள் அடுக்கிலேயே இருக்கும். பொறுமையாக ஒவ்வோர் அடுக்காகத் தேடினால் பலவற்றை மீட்கலாம். ஆனால், 'அடுக்குகள் காலி' என்று நம்பி, பழைய புத்தகங்களின் மேலேயே புதியவற்றை எழுதினால்? பழையவை நிரந்தரமாகப் போய்விடும். நான் செய்தது அதுதான். அந்த ஆண்டு மாணவர்கள் இருவர் தங்கள் அளவீடுகளை முதலிலிருந்து மறுபடியும் எடுத்தார்கள். என்னை அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் சுடுகிறது.

மலையிலிருந்து வந்த பெட்டி

பிறகொரு நாள் கல்வராயன் மலைப் பள்ளி ஒன்றிலிருந்து ஆசிரியை ஒருவர் என்னைத் தேடி வந்தார். கச்சிராயபாளையம் வழியாகப் பஸ் பிடித்துக் கீழே இறங்கி வந்திருந்தார். கைப்பையில் துணியில் சுற்றிய ஒரு வெளி வன்தட்டு.

"சார், ஒன்பது வருஷமாகப் பிள்ளைகளை எடுத்த படம் எல்லாம் இதில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் இதைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது. ஒரு கடையில் காட்டினேன். செத்துப்போச்சு, ஃபார்மட் பண்ணினால் தட்டையாவது காப்பாற்றலாம் என்கிறார்கள்."

"டீச்சர், வேறு பிரதி ஏதாவது?"

"இல்லை சார். சில பிள்ளைகள் வீட்டில் அவர்களுடைய சின்ன வயதுப் படம் வேறு எதுவுமே கிடையாது."

நகரத்தில் இருப்பவருக்கு இது பெரிய செய்தியாகத் தோன்றாது. அவர்களிடம் கைப்பேசியில் ஆயிரம் படம் இருக்கும். மலைக் கிராமத்தில் ஒரு பெண் வளர்ந்து, படித்து, திருமணமாகி, தன் குழந்தையிடம் "உன் வயதில் நான் இப்படி இருந்தேன்" என்று காட்ட ஒரே ஒரு படம் இருக்கிறது என்றால், அது இந்தத் தட்டில் இருக்கிறது.

என் வகுப்பு மாணவர்கள் நால்வரைக் கூப்பிட்டேன். கரும்பலகையில் ஒரு விதியை எழுதினேன்: 'ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். மாற்றத்துக்கு முன்பும் பின்பும் கண்டதை நோட்டில் எழுது.' இரண்டு பொருள்களை ஒன்றாக மாற்றினால், கருவி வேலை செய்தாலும் எதனால் வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும். இதைத்தான் உங்கள் ஆய்வக நோட்டில் 'மற்றக் காரணிகளை மாறாமல் வைத்து' என்று எழுதுகிறீர்கள்.

ஓம் விதி சொன்ன பதில்

முதலில் காதைக் கொடுத்துக் கேட்டோம். தட்டைச் செருகியதும் விளக்கு எரிகிறது, உள்ளே மெல்லச் சுழலத் தொடங்கும் ஒலி, உடனே அடங்கிவிடுகிறது. மீண்டும் தொடக்கம், மீண்டும் அடக்கம். இதிலிருந்து என்ன தெரிகிறது? தட்டு சுழல முயல்கிறது. ஆனால் முழு வேகத்தை எட்டவில்லை. அப்படியானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எதை? மின்சாரத்தை.

வயலில் பம்ப்செட் மோட்டாரைப் போடும் கணத்தில் கொட்டகை பல்பு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நின்றுகொண்டிருக்கும் மோட்டார் ஓடத் தொடங்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். வன்தட்டின் குட்டி மோட்டாரும் அப்படித்தான். மடிக்கணினி அளவுள்ள தட்டு 5 வோல்ட்டில் வேலை செய்கிறது; தொடங்கும் சில விநாடிகளில் 1 ஆம்பியர் வரைகூட இழுக்கும். பழைய யு.எஸ்.பி. 2.0 துளை தருவதாக ஒப்புக்கொண்டிருப்பதோ 500 மில்லி ஆம்பியர். யு.எஸ்.பி. 3.0 துளைக்கு அது 900 மில்லி ஆம்பியர். நடைமுறையில் பல துளைகள் இதைவிடக் கூடுதலாகவே தரும்; எல்லாத் துளைகளும் அல்ல.

ஆசிரியையிடம் கேட்டோம். தட்டோடு வந்த குட்டைக் கேபிள் தொலைந்துவிட்டது. கடையில் வாங்கிய 1 மீட்டர் நீளக் கேபிளைப் பயன்படுத்துகிறார். செருகியதோ மேசைக் கணினியின் முன்பக்கத் துளையில். மாணவர்களிடம் சொன்னேன், "கேபிளுக்குள் இருக்கும் கம்பியின் மின்தடையைக் கணக்கிடுங்கள்."

மலிவான கேபிள்களில் மின்சாரம் செல்லும் செம்புக் கம்பியின் விட்டம் சுமார் 0.32 மில்லிமீட்டர்தான். செம்பின் மின்தடை எண்ணை எடுத்து, நீளத்தால் பெருக்கி, குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் 1 மீட்டருக்குச் சுமார் 0.2 ஓம் வருகிறது. மின்சாரம் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், ஆகவே 0.4 ஓம். 1 ஆம்பியர் ஓடினால் கேபிளிலேயே 0.4 வோல்ட் போய்விடும். 5 வோல்ட்டில் மிஞ்சுவது 4.6. இத்தகைய தட்டுகள் பொதுவாகத் தாங்கிக்கொள்ளும் குறைவு 5 சதவிகிதம், அதாவது 4.75 வோல்ட் வரைதான். செருகுமுனைகளில் படிந்த அழுக்கும், முன்பக்கத் துளையிலிருந்து உள்ளே போகும் இன்னொரு கம்பியும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்.

பத்தாம் வகுப்பில் நீங்கள் படிக்கும் ஓம் விதிதான் இது! தேர்வில் 'கணக்கிடுக' என்று வந்தால் போடுகிறோம். வீட்டில் ஒரு தட்டு சுழல மறுத்தால் அந்த விதியை மறந்துவிடுகிறோம்.

கேபிளை மட்டும் மாற்றினோம். அரையடி நீளமுள்ள, தடித்த ஒன்று. ஒலி முன்பைவிட நீடித்தது, பிறகு அடங்கியது. நோட்டில் எழுதிக்கொண்டோம். அடுத்து, துளையை மட்டும் மாற்றினோம். கணினியின் பின்பக்கத்தில், தாய்ப்பலகையிலேயே இருக்கும் யு.எஸ்.பி. 3.0 துளை. தட்டு சீராகச் சுழன்றது. திரையில் பெட்டி வந்தது:

'முதலில் ஃபார்மட் செய்யவேண்டும்.'

என் கை தானாகப் பின்வாங்கியது. "இல்லை என்பதை அழுத்து, தம்பி" என்றேன்.

'செத்த' கணினி வேலைக்கு வந்தது

இப்போது நமக்கு என்ன தெரியும்? மோட்டார் நல்ல நிலையில் இருக்கிறது. கணினி தட்டைப் பார்க்கிறது. அதன் கொள்ளளவைச் சரியாகச் சொல்கிறது. அட்டவணையை மட்டும் படிக்க முடியவில்லை. மின்சாரம் போதாமல் நடுவில் நின்று நின்று எழுதியதில் அட்டவணை சிதைந்திருக்க வேண்டும். இந்த நிலையில் அறிவாளி செய்யவேண்டிய காரியம் ஒன்றே: பழுது பார்க்காதே, முதலில் பிரதி எடு. மூலத்தில் எதையும் எழுதாதே. பிறகு பிரதியின் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் பரிசோதனை செய்.

ஆனால் விண்டோஸ் இருக்கும் கணினி, தட்டைக் கண்டதும் தானாகவே எதையாவது எழுத முனையலாம். அதனால் லினக்ஸில் ஓடும் தனிக் கணினி ஒன்று தேவைப்பட்டது. துறையில் உபரிக் கணினி கிடையாது. மாணவி ஒருத்தி தயங்கிச் சொன்னாள்: "சார், எங்கள் அக்காவின் லேப்டாப் ஒன்று பரணில் இருக்கிறது. ஆனால் அது செத்துப்போச்சு."

"கொண்டு வா அம்மா, பார்க்கலாம்."

மறுநாள் வந்தது. திரையின் மூலையில் விரிசல். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. மறுபடியும் நோட்டுப் புத்தகம், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்.

முதலில் அடாப்டர். அதன் மேல் 19 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. மல்டிமீட்டரும் ஏறக்குறைய அதையே காட்டியது. ஆகவே அடாப்டர் நிரபராதி. அடுத்து, அடாப்டரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தோம். மின்தேக்கிகளில் மிஞ்சியிருக்கும் மின்னூட்டம் வடிவதற்காக இது. பல 'சாவுகள்' இந்த அரை நிமிடத்திலேயே எழுந்து உட்காரும். இது எழவில்லை. வெளித் திரை ஒன்றை இணைத்தோம். அதிலும் படம் இல்லை. எனவே குற்றம் விரிசல் விழுந்த திரையோடு முடியவில்லை; உள்ளேயும் ஏதோ இருக்கிறது.

அடிமூடியைத் திறந்து 'ரேம்' என்ற நினைவக அட்டையைக் கழற்றினோம். அதன் பொன்னிற முனைகள் மங்கிப் போயிருந்தன. பல ஆண்டு ஈரமும் தூசியும் அங்கே ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கிவிடும். சுத்தமான அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, 'டிக்' என்று ஒலி வரும்வரை மீண்டும் பொருத்தினோம். பொத்தானை அழுத்தியதும் வெளித் திரையில் எழுத்துகள் ஓடின. மாணவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கணினி பரணுக்குப் போனது ஒரு ரூபாய் செலவில்லாத பழுதுக்காக!

பேட்டரி வீண்தான், அடாப்டரிலேயே ஓடட்டும். சொந்தத் திரை வீண்தான். வெளித் திரை போதும். பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கினோம். 'செத்த' தட்டைக் காப்பாற்ற 'செத்த' கணினி தயார்.

தேர்வு எழுதும் முறையில் ஒரு பிரதி

சாதாரண முறையில் நகல் எடுத்தால், படிக்க முடியாத இடம் வந்ததும் கணினி அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். சிதைந்த தட்டை அப்படி இடிப்பது ஆபத்து. இதற்கென்றே 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருள் உண்டு. அது நீங்கள் தேர்வு எழுதும் முறையில் வேலை செய்கிறது. தெரிந்த கேள்விக்கெல்லாம் முதலில் விடை எழுதிவிடும். கடினமானதை விட்டுவிட்டு மேலே போகும். எங்கெங்கே விட்டது என்று குறித்துக்கொள்ளும். கடைசியில் திரும்பி வந்து அவற்றை முயலும்.

சாயங்காலம் ஓட விட்டோம். காலையில் வந்து பார்த்தபோது புதிய தட்டில் முழுப் பிரதி இருந்தது. சில சிறு பகுதிகள் மட்டும் படிக்கப்படவில்லை. மூலத் தட்டைத் துணியில் சுற்றி வைத்துவிட்டோம். பிரதியின்மேல் 'டெஸ்ட்டிஸ்க்', 'போட்டோரெக்' என்ற இரண்டு இலவச மென்பொருள்களை ஓட்டினோம். படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஆண்டு விழா, விளையாட்டுப் போட்டி, சத்துணவுத் தட்டோடு சிரிக்கும் ஒரு வரிசை. சில படங்கள் பாதி சாம்பல் நிறமாகவே வந்தன. அவற்றை மீட்க முடியவில்லை. பெரும்பாலானவை முழுதாக இருந்தன.

ஆசிரியை திரும்பிப் போகும்போது அவரிடம் இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்று பள்ளியில் இருக்கும், மற்றொன்று வீட்டில் இருக்கும் என்றார். நீங்களும் நினைவில் வையுங்கள்: ஒரே ஒரு பிரதி உள்ள எதுவும், இல்லாமல் போகக் காத்திருக்கிறது.

எங்கே கை வைக்கக் கூடாது?

இதைப் படித்ததும் ஸ்குரு டிரைவரை எடுத்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். எதைத் தொடக்கூடாது என்று தெரிவதும் அறிவியலின் ஒரு பகுதிதான்.

வன்தட்டின் உலோகப் பெட்டியைத் திறக்கவே கூடாது. ஏன்? மடிக்கணினித் தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது. அதாவது விநாடிக்கு 90 முறை. தட்டின் ஆரம் ஏறக்குறைய 3.2 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். விளிம்பின் வேகம் விநாடிக்கு 18 மீட்டர், மணிக்கு 65 கிலோமீட்டர்! அந்த வேகத்தில் ஓடும் பரப்புக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் முனை மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி உள்ளே போனாலும், முனைக்கு அது நடுரோட்டில் கிடக்கும் பாறை.

1956இல் வந்த முதல் வன்தட்டுக் கருவியில், ஏறக்குறைய 61 சென்டிமீட்டர் விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து கொண்டது சுமார் 5 மெகாபைட், அதாவது இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றோ இரண்டோ. அங்கிருந்து இங்கே வந்து சேர உதவிய கண்டுபிடிப்புகளில் ஒன்றுக்காக ஆல்பர்ட் ஃபெர், பீட்டர் குரூன்பெர்க் இருவரும் 2007இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த நுட்பம் முழுவதும் அடங்கிய பெட்டியை நம் வீட்டுத் திண்ணையில் வைத்துத் திறக்கலாமா?

தட்டு 'டக்... டக்' என்று ஒரே சீராகத் தட்டும் ஒலி கொடுத்தால், உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள். முனையோ அதை அசைக்கும் கையோ பழுதாகியிருக்கலாம். மறுபடி மறுபடி ஓடவிட்டால் முனை தட்டைச் சுரண்டிவிடும். அப்படி ஒரு தட்டு எங்களிடமும் வந்தது. "இது எங்களால் ஆகாது, இதற்கென்றே தூசியற்ற அறை வைத்திருப்பவர்களிடம்தான் போகவேண்டும், செலவு அதிகம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தோம். முடியாததை முடியாது என்று சொல்வதில் வெட்கமில்லை.

உப்பிய பேட்டரியைக் குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், குப்பையில் எறியாதீர்கள். லித்தியம் பேட்டரிக்குள் எளிதில் தீப்பற்றும் திரவம் இருக்கிறது. உள்முனைகள் ஒன்றையொன்று தொட்டால் பற்றிக்கொள்ளும். அடாப்டரின் உள்ளேயும் கை வைக்காதீர்கள். நம் வீட்டு 230 வோல்ட் மாறுமின்சாரத்தின் உச்ச மதிப்பு, 2இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால், சுமார் 325 வோல்ட். செருகியை உருவிய பிறகும் மின்தேக்கியில் அது கொஞ்சநேரம் காத்திருக்கலாம். மடிக்கணினியைத் திறக்கும் முன் அடாப்டரையும் பேட்டரியையும் கழற்றுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

கணினி கெட்டதா, காலம் மாறியதா?

இன்னொரு வகைச் 'சாவு'ம் உண்டு. கணினி முழு ஆரோக்கியத்தோடு இருக்கும். ஆனால் 'இது பழசு, இனி ஓடாது' என்பார்கள். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அடுத்து வந்த விண்டோஸ் 11 பழைய செயலிகள் பலவற்றை ஏற்பதில்லை. ஒரு தேதி மாறியதால், நேற்றுவரை கணக்குப் போட்ட சிலிக்கான் இன்று கணக்கை மறந்துவிட்டதா என்ன?

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது ஃபின்லாந்து மாணவர் தொடங்கிய லினக்ஸ், இத்தகைய பழைய கணினிகளில் இன்றும் ஓடுகிறது. அரசு கொடுத்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே, நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளமும் இருந்தது. நம்மில் எத்தனை பேர் அதை ஒருமுறையாவது திறந்து பார்த்தோம்?

பள்ளிக்கு ஒரு பழுதுமேசை

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும், இயற்பியல் ஆய்வகத்தின் ஓர் ஓரத்தில் ஒரு பழுதுமேசை இருக்கவேண்டும். அதில் ஒரு மல்டிமீட்டர், சிறிய ஸ்குரு டிரைவர்கள், இரண்டு நல்ல கேபிள்கள், வன்தட்டை வெளியிலிருந்து இணைக்கும் சாட்டா அடாப்டர் ஒன்று, லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்று, ஒரு தடித்த நோட்டு. வாரத்தில் ஒரு மாலை. ஊரில் செத்ததாகச் சொல்லப்படும் கருவிகள் அங்கே வரட்டும்.

"மாணவர்கள் இருப்பதையும் கெடுத்துவிடுவார்களே" என்பார்கள். ஏற்கெனவே குப்பை என்று தீர்ப்பான பொருளை இன்னும் எவ்வளவு கெடுக்க முடியும்? திரை உடைந்தால் வன்தட்டு மிஞ்சும். வன்தட்டு போனால் நினைவக அட்டை மிஞ்சும். மூன்று உடைந்த கணினிகளிலிருந்து ஓடும் கணினி ஒன்றைச் சேர்க்கலாம்.

"புதியது வாங்கிவிடலாமே" என்பார்கள். யாரால்? கள்ளக்குறிச்சி கடைவீதியில் இருப்பவர் பத்து நிமிடத்தில் கடைக்குப் போய்விடலாம். வெள்ளிமலைக்கு அப்பால் இருப்பவர், ஒரு கேபிள் பழுதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் இழந்து கீழே இறங்கவேண்டும். அங்கே 'செத்துப்போச்சு' என்று ஒருவர் சொன்னால், அதைச் சரிபார்க்க அவருக்கு வழியில்லை. பழுதை இனங்காணத் தெரிந்த ஒரு மாணவி அந்த ஊரில் இருந்தால் நிலைமை மாறும். அதனால், பழுதுமேசை நகரத்துப் பள்ளியைவிட மலைப் பள்ளிக்கு முதலில் வேண்டும்.

பொருளாதாரம் மட்டும் அல்ல இது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் கால் பங்குக்கும் குறைவு என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. மடிக்கணினி தன் வாழ்நாளில் காரணமாகும் கரிம வெளியீட்டில் பெரும்பங்கு, அது நம் கைக்கு வருவதற்கு முன்பே, தொழிற்சாலையிலேயே நடந்துவிடுகிறது. இன்னும் நான்கு ஆண்டு அதை ஓடவைப்பது, அந்தச் செலவை நான்கு ஆண்டுக்குப் பங்கிடுவதாகும்.

உலகமும் இதைப் பேசத் தொடங்கிவிட்டது. ஒரு கருவி எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கத்தக்கது என்று 10க்கு மதிப்பெண் போட்டுக் கடையிலேயே காட்டவேண்டும் என்ற சட்டத்தைப் பிரான்ஸ் நாடு 2021இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மடிக்கணினியும் அந்தப் பட்டியலில் இருந்தது. 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஆராய நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022இல் ஒரு குழு அமைத்தது. ஆனால் உரிமையைச் சட்டம் தரலாம். திறமையை யார் தருவது? திறக்கத் தெரியாதவனிடம் திறக்கும் உரிமை மட்டும் இருந்து என்ன பயன்?

தமிழ்நாட்டின் 2025-26 நிதிநிலை அறிக்கையில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் அவையும் ஒரு நாள் பழுதாகும். முந்தைய 50 லட்சத்தைப் போல அவையும் பரணுக்குத்தான் போகவேண்டுமா? கணினி கொடுக்கும்போதே, அதைப் பிரித்துப் பார்க்கும் அறிவையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்கிறேன் நான்.

நண்பர்களே, பள்ளியில் பழுதுமேசை வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பரணிலிருந்து அந்தக் கணினியை இறக்குங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து தேதி போடுங்கள். பொத்தானை அழுத்துங்கள். என்ன கண்டீர்கள், என்ன கேட்டீர்கள் என்று முதல் வரியை எழுதுங்கள். பிறகு ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

அது பிழைக்காமலும் போகலாம். அப்போதும் உங்களால் "செத்துப்போச்சு" என்று மட்டும் சொல்ல முடியாது. "அடாப்டர் நலம், நினைவகம் நலம், தாய்ப்பலகையில் பழுது, வன்தட்டைக் கழற்றி அக்காவின் படங்களை எடுத்துவிட்டேன்" என்று சொல்வீர்கள். அப்படிச் சொல்லும் மாணவரை, எந்த ஊரிலிருந்து வந்தாலும், என் வகுப்பின் முதல் பெஞ்சில் உட்கார வைக்க ஆசைப்படுகிறேன்.